கீழேயிருந்து வரும் குரல்

என் மனைவி பேசி நான் ஆசை தீரக் கேட்டதெல்லாம் நாற்பத்தெட்டு மீட்டர் உயரத்தில்தான். வீட்டில் எங்கள் பேச்சு இரண்டு வரியில் முடிந்துவிடும். சண்டை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்குப் பிறவியிலேயே பேச்சு குறைவு, எனக்குப் பிறவியிலேயே முன்கோபம். "சாப்ட்டீங்களா?" "ஆச்சு." "கேஸ் தீரப் போகுது." "சொல்லிட்டேன்." இவ்வளவுதான் எங்கள் இல்லறம்.

வேலையிடத்தில் கதை வேறு. நான் டவர் கிரேன் ஓட்டுகிறவன். அவள் கீழே நின்று எனக்கு சிக்னல் கொடுக்கிறவள். கட்டடம் வளர வளர, நான் தூக்கும் பொருள் என் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சுவருக்கு அந்தப் பக்கத்திலோ பள்ளத்துக்குள்ளோ எங்கோ தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவனுக்குத் தெரிவது வானமும் இரும்பு வடமும் மட்டும்தான். அந்த நேரத்தில் அவனுக்குக் கண், வாக்கி டாக்கியில் வரும் ஒரே ஒரு குரல். முதலாளியே வந்து கத்தினாலும் வேறு குரலுக்கு நான் கையை அசைக்கக் கூடாது. அது எங்கள் தொழிலின் சட்டம்.

பதினோரு வருடமாக அந்தக் குரல் அவளுடையது. அங்கே நான் அவளுக்குப் புருஷன் இல்லை, 'மேல'. அவள் எனக்கு 'கீழ'. "மேல, இறக்கு. இன்னும் இறக்கு. மெதுவா. ஒரு சாண். நிறுத்து." வீட்டில் வாங்க போங்க என்று மரியாதையைக் கொட்டுகிறவள், அங்கே ஒரு மரியாதைச் சொல்கூடச் செலவழிக்க மாட்டாள். ஆட்களின் தலைக்கு மேல் இரண்டு டன் கம்பிக்கட்டு ஆடும்போது அதற்கெல்லாம் நேரம் கிடையாது. வீட்டுப் பேச்சு ரேடியோவில் வரவே கூடாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட விதி. அப்படியும் எட்டு மணி நேரமும் அவள் என்னிடம் மட்டுமே பேசினாள். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அதுகூடக் கிடைப்பதில்லை.

நோய் வந்தது நாலு வருடத்துக்கு முன்னால். முதலில் ரத்தம், பிறகு சளி போல எதுவோ, பிறகு ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. மூலம் என்று நானே முடிவு கட்டி மூன்று மாதம் களிம்பு தடவினேன். கடைசியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பெருங்குடலின் உள்தோல் முழுக்கப் புண் என்றார். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற வியாதி என்று விளக்கினார். எதனால் என்று கேட்டேன். தெரியாது என்றார். காரம் தின்றதாலா, கோபப்பட்டதாலா? இல்லை என்றார். கோபத்தின் மேல் பழி விழாததில் எனக்கு ஒரு சின்ன திருப்தி.

மாத்திரைகளில் அடங்கியது, பிறகு அடங்கவில்லை. அடங்காதபோதெல்லாம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அது மந்திரம் மாதிரி வேலை செய்யும். ஆனால் முகம் பூசணிக்காய் ஆகிவிடும், தூக்கம் போய்விடும், பசி பேயாய்ப் பிடிக்கும். மூக்கு நுனியில் இருந்த கோபம் மூக்கைத் தாண்டிக் குதிக்கும். "கல்யாணத்துக்கப்புறம் இப்பதான் கொஞ்சம் சதை போட்டிருக்கீங்க" என்று மருந்துக்கடை மச்சான் பாராட்டினான். மனைவியின் தம்பி என்பதால் விட்டுவைத்தேன்.

வியாதியைவிடப் பெரிய சிக்கல் ஏணி. கூண்டிலிருந்து தரைக்கு நூற்றி அறுபது படி. வேகமாக இறங்கினாலும் பத்து நிமிடம். என் குடல் எனக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு நிமிடம். கூண்டில் மூடி போட்ட வாளி ஒன்று வைத்திருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன், எனக்கும் கௌரவம் உண்டு. முந்தின நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்துவேன். கம்பெனிக்குச் சொல்லவில்லை. மனைவிக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. சொன்னால் கீழே இறக்கிவிடுவார்கள் என்ற பயம். கீழே இறங்கிவிட்டால் எனக்கு அவளிடம் மிஞ்சுவது "சாப்ட்டீங்களா" மட்டும்தான்.

பன்னிரண்டு உத்தரங்களை ஒரே நாளில் ஏற்ற வேண்டிய நாள் வந்தது. ஒவ்வொன்றும் லாரி நீளத்துக்கு இரும்பு. தெருவை அடைக்க ஒரே ஒரு நாள் அனுமதி. அந்த வாரம் பார்த்து எனக்கு ரத்தம் மறுபடி ஆரம்பித்திருந்தது. டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் மச்சானுக்குப் போன் செய்தேன்.

"சாதாரண வயித்துப்போக்குதான் மாப்ள. நிக்கிறதுக்கு ஏதாவது குடு."

"ரத்தம் கித்தம் போகுதா மாமா?"

"சேச்சே."

அவன் பத்து மாத்திரை கொண்ட ஒரு அட்டையை அக்காவிடம் கொடுத்து அனுப்பினான். அவளும் வாங்கிக்கொண்டு வந்து, தண்ணீரோடு என் கையில் கொடுத்தாள். குடலின் ஓட்டத்தையே நிறுத்துகிற மாத்திரை. ரத்தப்போக்கு இருக்கும்போது அதைத் தொடவே கூடாதென்று டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். அவளிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். இரண்டு நாளில் பத்தையும் முழுங்கினேன்.

நன்றாகவே வேலை செய்தது. காலையில் நாலு உத்தரம் ஏறும்வரை வயிறு சத்தமே போடவில்லை. நாலு வருடத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. ஆறாவது உத்தரத்தில் பெல்ட் இறுகியது. எட்டாவதில் அதை அவிழ்த்துவிட்டேன். வயிறு மேலே மேலே வந்துகொண்டிருந்தது. உடம்பு நடுங்கியது, வெயிலில் குளிர் அடித்தது, இதயம் காதுக்குள் அடித்தது.

"மேல, குரல் ஒரு மாதிரி இருக்கே" என்றாள்.

பதினோரு வருடத்தில் முதல் முறையாக விதியை மீறியது அவள்தான். ரேடியோவில் வேலைச் சொல்லைத் தவிர வேறு சொல்லக் கூடாது என்ற விதியை அன்றைக்குப் பார்த்து ஒழுங்காகக் கடைப்பிடித்தது நான். "சரி" என்றேன். எங்கள் பாஷையில் சரி என்றால் அடுத்ததைச் சொல் என்று அர்த்தம். அவள் அடுத்ததைச் சொன்னாள். பன்னிரண்டாவது உத்தரம் ஒரு விரல்கூடப் பிசகாமல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நான் எப்படி இறங்கினேன் என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை. ஏணி அடியில் அவள் முகம் இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் சர்ஜன் அம்மா. என்னைவிட வயதில் இளையவர், குட்டையான உருவம், பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. என் பெருங்குடல் பலூன் மாதிரி உப்பி, அசைவே இல்லாமல் கிடந்தது.

"ஏதாவது மாத்திரை போட்டாரா?"

"இல்ல" என்றேன் நான்.

மனைவி கைப்பையைத் திறந்து வெறும் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "பத்தும் போட்டிருக்காரு. நான்தான் குடுத்தேன்."

சர்ஜன் அம்மா அவளைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "குடல் விஷமேறிப் போயிருக்கு. ஊசியில ஸ்டீராய்டு போட்டு ரெண்டு நாள் பாக்குறேன். வீக்கம் வடியலன்னா எடுத்துடணும். ஓட்டை விழுந்தா உயிருக்கு ஆபத்து" என்றார். வடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்தபோது வலது பக்க வயிற்றில் ஒரு சிவப்பு மொட்டும், அதன் மேல் ஒரு பையும் இருந்தன. சிறுகுடலின் நுனியை வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள், இனி வெளியேற வேண்டியதெல்லாம் அந்த வழியாகத்தான் என்றார்கள். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க வயிற்றிலேயே தினம் ஒரு ஊசி. மலக்குடல் மட்டும் உள்ளே அப்படியே இருக்கிறது, ஆறு மாதம் கழித்து அதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் சர்ஜன் அம்மா. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடுவோம், முகம் வத்திடும். ஆனா இத்தனை வருஷம் சாப்ட்டது எலும்பைத் தின்னிருக்கும். தொடை இடுக்குல, இடுப்புல வலி வந்தா உடனே வரணும்." தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

பையோடு வாழக் கற்றுக்கொள்வது ஒரு தனிப் படிப்பு. மொட்டின் அளவுக்கு ஓட்டை வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் தோல் வெந்துவிடும், சிறிதாக வெட்டினால் மொட்டு சிராய்க்கும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்ய வேண்டும். பெருங்குடல் இல்லாததால் உடம்பில் தண்ணீர் தங்காது, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மொட்டுக்கு நேரம் காலம் தெரியாது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அது பாட்டுக்கு ஒரு ராகம் இழுக்கும். மச்சான் மட்டும்தான் சிரித்தான். பிறகு அழுதான், மாத்திரை கொடுத்ததற்காக. "பொய் சொன்னது நான், நீ எதுக்குடா மூக்கை உறிஞ்சுற" என்று விரட்டிவிட்டேன்.

மனைவி இரண்டு வாரம் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாள். முதல் மாதம் முழுக்கப் பையை மாற்றியது அவள்தான். கை நடுங்காமல், மூக்கைச் சுளிக்காமல், தொட்டில் குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே மாற்றினாள். "வலிக்குதாங்க? கொஞ்சம் திரும்புங்க. இதோ முடிஞ்சுடுச்சுங்க." அவள் வீட்டில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அது எனக்கு வேண்டிய பேச்சு இல்லை. அது நோயாளியிடம் பேசுகிற பேச்சு. அவள் எனக்குக் கட்டளையிட மறந்துபோனாள். நன்றி கெட்டவன் என்று நீங்கள் சொல்லலாம். நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் படுத்தபடி அவளைப் பார்த்துக்கொண்டு, அவளுக்காகவே ஏங்கினேன்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். என் கூண்டில் வேறு ஆள். ஐம்பது வயதுக்காரர், எதையும் அவசரப்படாமல் செய்வதால் வேலையிடத்தில் அவருக்கு நத்தை என்று பெயர். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் இரண்டே தெரு. அலமாரியில் பழைய வாக்கி டாக்கி ஒன்று இருந்தது. மூன்றாவது நாள் அதை எடுத்து, ஜன்னலோரம் வைத்துத் திருகினேன். முதலில் இரைச்சல். பிறகு அவள்.

"மேல, ஏத்துங்க. போதும். இடது பக்கம் வாங்க."

மரியாதையோடு பேசினாள். அந்நியரிடம் பேசுகிறாள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அன்று முதல் எனக்கு அதுதான் உத்தியோகம். காலையில் அவள் கிளம்பியதும் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, உப்புத்தண்ணீரைக் குடித்தபடி, என் மனைவி இன்னொருவருக்குச் சொல்வதையெல்லாம் கேட்பேன். அவள் இடது என்றால் என் இடது கை தானாக நகரும். இறக்கு என்றால் வலது கை. வெறும் காற்றில் எத்தனையோ டன் இரும்பை இறக்கிவைத்தேன்.

நாலாவது மாதம் ஒரு மத்தியானம், நெருக்கடியான ஒரு இடத்தில், "இறக்கு. மெதுவா. நிறுத்து" என்றாள் நத்தையிடம். என்னிடம் சொல்கிற அதே குரலில். டாக்டர்கள் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள், வயிற்றெரிச்சலை எடுக்க மறந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் வந்து "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டதற்கு, குடிக்கவில்லை என்று எரிந்து விழுந்தேன். ஒன்றரை லிட்டர் குடித்திருந்தேன்.

ஆறாவது மாதம் சர்ஜன் அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து, ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். ஒரு வழி, மலக்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலையே மடித்து உள்ளே ஒரு தொட்டி மாதிரி தைத்து, பழைய வாசலோடு இணைப்பது. இரண்டு ஆபரேஷன், கடைசியில் பை போய்விடும். இன்னொரு வழி, மலக்குடலை எடுத்துவிட்டு, பையை நிரந்தரமாக்குவது. அதற்குப் பிறகு பழைய வாசலுக்குத் திரும்ப வழியில்லை. எதையும் செய்யாமல் மலக்குடலை அப்படியே விட்டுவைத்தால், அதிலும் ரத்தம் வரலாம், வருடங்கள் போனால் புற்றும் வரலாம், குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"உள்ள தொட்டி வெச்சா ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகணும்?" என்று கேட்டேன்.

"ஆறு, ஏழு. முன்ன மாதிரி அலறிப் புடைச்சு ஓட வேண்டியதில்ல. ஆனா போகணும். சில பேருக்கு அந்தத் தொட்டியே வீங்கிக்கும், அதுக்கு மருந்து இருக்கு."

நான் மனசுக்குள் நூற்றி அறுபதை ஆறால் பெருக்கினேன். "பையோட கிரேன் ஏறலாமா?"

சர்ஜன் அம்மா பேனாவை மூடி வைத்தார். "மொட்டுப் பக்கத்துல குடல் பிதுங்காம இருக்க பெல்ட் போடணும். பாரம் தூக்கக் கூடாது. மேல பையைக் காலி பண்ண ஏற்பாடு வேணும். தண்ணி நெறைய. இதெல்லாம் இருந்தா ஏறலாம். உங்க கம்பெனி டெஸ்ட் பாஸ் பண்ணணும்."

மனைவி அந்தப் படத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள், "பை போயிடும்னு நான் நாள் எண்ணிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு அந்தக் கண்ணாடி ரூமுதான் வேணும்."

"ஆமா" என்றேன்.

"அப்படி என்னதான் இருக்கு அங்க?"

நீ இருக்கிறாய் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. இருபது வருடம் குடித்தனம் நடத்திய மனைவியிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "காத்து நல்லா வரும்" என்றேன். அவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினாள்.

கம்பெனி டெஸ்ட் முடிந்த பிறகு முடிவைச் சொல்கிறேன் என்று சர்ஜன் அம்மாவிடம் தவணை வாங்கினேன். ஏறிவிட்டால் பை நிரந்தரம். பை எனக்கு ஏறக்குறைய நண்பனாகியிருந்தது. மேலே எட்டு மணி நேரம் உட்கார விடாமல் என்னைத் துரத்திய குடல் போய்விட்டது, அதன் இடத்தில் வந்தது பொறுமைசாலி. காத்திருக்கும். பெல்ட் வாங்கினேன். மாடிப்படியில் தினம் ஏறி இறங்கிப் பழகினேன். வலது தொடை இடுக்கில் ஒரு வலி ஆரம்பித்திருந்தது. படியேறும்போது கூடும், உட்கார்ந்து எழுந்தால் குத்தும். ஆறு மாதம் படுத்தே கிடந்த பிடிப்பு என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே.

பத்தாவது மாதம் டெஸ்ட். கிரேனுக்கு எண்ணெய் போட நிறுத்துகிற நாளாகப் பார்த்து வரச் சொன்னார்கள். அதை நடத்துகிறவர் சேஃப்டி ஆபீசர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குவதால் அவருக்குப் பெயரும் விசில். ஏணியில் இருபது படிக்கு ஒரு தட்டு, இளைப்பாறி உட்கார. மூன்றாவது தட்டு வரை, அறுபது படி, நிற்காமல் ஏறி இறங்க வேண்டும். உடம்பில் பாதுகாப்புக் கச்சை, அதில் ஏணியில் மாட்டும் கொக்கி, தோளில் வாக்கி டாக்கியும் உப்புத்தண்ணீர் பாட்டிலும். யார் ஏணியில் ஏறினாலும் கீழே ஒருவர் ரேடியோவோடு நிற்க வேண்டும் என்பது விதி. அன்று அவள் நின்றாள். ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்து ஏறுங்க" என்றாள்.

முதல் இருபது படியும் பறந்தேன். அந்த இரும்பின் மணம், உள்ளங்கையில் அதன் குளிர்ச்சி, கம்பிகளுக்கு இடையில் நுழையும் காற்று. பத்து மாதம் நான் எங்கே இருந்தேன் என்று தோன்றியது. நாற்பதாவது படியில் தொடை இடுக்கில் குத்தியது. பல்லைக் கடித்தேன். ஐம்பத்திரண்டாவது படியில் வலது காலை மடக்கித் தூக்கியபோது, இடுப்புக்குள் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி கால் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வலியில் கண் இருட்டியது. கொக்கியை மாட்டிவிட்டு ஏணியைக் கட்டிக்கொண்டேன்.

தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்து உள்ளே நொறுங்கியிருக்கிறது என்று பிறகு ஸ்கேனில் தெரிந்தது. ஸ்டீராய்டு செய்த வேலை. குடலைக் காப்பாற்றக் கொடுத்தது, குடலையும் காப்பாற்றவில்லை, இடுப்பையும் விடவில்லை. ஆனால் ஸ்கேன் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஐம்பத்திரண்டாவது படியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மேலே மிச்சமிருக்கும் நூற்றி எட்டுப் படியையும் இனி நான் ஏறப் போவதில்லை என்று. ஏணியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது.

கீழே விசில் பதறினார். "ஆளுங்களைக் கூப்பிடறேன். ஸ்ட்ரெச்சர் கட்டி இறக்கிடலாம்."

"வேணாம் சார்" என்று அவள் சொன்னது ரேடியோவில் கேட்டது. பொத்தானை அழுத்தியபடியே பேசியிருக்கிறாள். "ஸ்ட்ரெச்சர்ல கட்டினா பெல்ட்டு பையை அழுத்தும். நான் இறக்குறேன்."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"மேல."

பத்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். என் தோளில், காதுக்குப் பக்கத்தில்.

"கேக்குதா மேல?"

"கேக்குது கீழ."

"எந்தக் கால்?"

"வலது."

"கொக்கி?"

"மாட்டியிருக்கேன்."

"பை?"

விசில் பக்கத்தில் நிற்க, ரேடியோவில் கேட்டாள். வேலைக்கு வேண்டியதை மட்டும்தான் அதில் கேட்போம், அன்று அது வேலைக்கு வேண்டியிருந்தது. "சரியா இருக்கு" என்றேன்.

"கீழ பாக்காத. உனக்குத் தெரியாது, பெல்ட்டு மறைக்கும். நான் பாத்துக்கிறேன். கொக்கியை இறக்கி மாட்டு. வலது காலைத் தொங்க விடு. பாரம் போடாத. இறக்கு. இன்னும். இன்னும் ஒரு விரல். நிறுத்து. கம்பி வந்துடுச்சு, வை. இப்ப கை. இப்ப இடது. சரி. ஒண்ணு."

அவள் சொன்னது சரிதான். கச்சையும் பெல்ட்டும் மறைத்ததில் என் கால் எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை சுவருக்கு அந்தப் பக்கம் தெரியாத சுமையை அவள் சொல்படி இறக்கியிருக்கிறேன். இன்றைக்குச் சுமை நான்தான். நான் யோசிக்கவில்லை. அவள் சொன்னதைக் கால் செய்தது.

"இறக்கு. நிறுத்து. கை. இடது. சரி. ரெண்டு."

வலி போகவில்லை. ஒவ்வொரு படியிலும் உயிர் போய் வந்தது. ஆனால் பத்து மாதமாக நான் ஜன்னலோரம் உட்கார்ந்து திருட்டுத்தனமாகக் கேட்ட குரல், இப்போது எனக்கே எனக்கு வந்துகொண்டிருந்தது. அதில் பரிதாபம் இல்லை, வலிக்குதாங்க இல்லை. "அவசரப்படாத. நான் சொல்லாம நகராத." இரண்டு இடத்தில் தட்டு வந்தது. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். தோள் பாட்டிலில் இருந்த உப்புத்தண்ணீரைக் குடிக்கச் சொன்னாள், குடித்தேன். எழுந்திரு என்றாள், எழுந்தேன். நாற்பது என்று எண்ணினாள். நாற்பத்தி ஒன்று. தரை வந்தால் முடிந்துவிடும். தரையில் நான் மறுபடி நோயாளி, அவள் மறுபடி வாங்க போங்க.

"நாப்பத்தி ரெண்டு. வலது. இறக்கு."

நான் இறக்கவில்லை. கொக்கியை மாட்டிவிட்டு அப்படியே நின்றேன்.

"மேல, ஏன் நிறுத்தம்?"

"வலிக்குது" என்றேன். அந்த நேரம் பார்த்து அவ்வளவாக வலிக்கவில்லை.

அவள் அண்ணாந்து பார்த்தாள். பத்தடி உயரம்தான். அவள் நெற்றியில் வழிந்த வேர்வை எனக்குத் தெரிந்தது, என் முகம் அவளுக்குத் தெரிந்தது. ரேடியோ இல்லாமலே பேசிக்கொண்டிருக்கலாம். விசில், "என்னம்மா, இன்னும் பத்துப் படிதானே, இறங்கச் சொல்லு" என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு ரேடியோவை வாயருகே கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினாள்.

"சரி மேல. எவ்வளவு நேரம் வேணுமோ நில்லு. நான் இங்கயேதான் இருக்கேன்."